‘ஸூ பிஸூ பிஸூ’: மேகனுக்கு முன்பே பாடிய பெண்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ‘மேட் மென்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ஐந்தாம் சீசன் தொடக்கத்தில், கதாநாயகன் டான் டிரேப்பரின் நாற்பதாவது பிறந்தநாள் விருந்தில் அவர் மனைவி மேகன் எல்லோர் முன்னாலும் ஒரு பிரெஞ்சுப் பாட்டுப் பாடுகிறாள். அது தொடருக்காக எழுதியதா, உண்மையிலேயே அறுபதுகளில் வந்ததா? உண்மை என்றால் யார் பாடியது, ஏன் இத்தனை காலம் யாருக்கும் தெரியவில்லை, அந்த இசைத்தட்டை இப்போது கேட்க முடியுமா, ஒரு குறும்படத்தில் போட்டுக்கொள்ளலாமா?

அசலான அறுபதுகளின் பாட்டுதான். பெயர் ‘ஸூ பிஸூ பிஸூ’. பிரெஞ்சில் அதைப் பதிவு செய்தவர் ஜில்லியன் ஹில்ஸ். பெயரைப் பார்த்தாலே பிரெஞ்சுக்காரி இல்லை என்று தெரியும். பாரிஸில் இருந்த பார்க்லே இசைத்தட்டுக் கம்பெனிக்காக அறுபதுகளின் தொடக்கத்தில் பாடினார். அப்போது அவருக்குப் பதினாறு, பதினேழு வயதுதான் இருக்கும்.

ஆனால் பாட்டு பிறந்தது லண்டனில். 1960-ல் சோஃபியா லோரனும் பீட்டர் செல்லர்ஸும் ‘தி மில்லியனரெஸ்’ என்ற ஆங்கிலப் படத்தில் சேர்ந்து நடித்தார்கள். செல்லர்ஸுக்கு அதில் இந்திய டாக்டர் வேடம். படத்தின் விளம்பரத்துக்காக இருவரும் ‘குட்னஸ் கிரேஷியஸ் மீ’ என்று ஒரு வேடிக்கைப் பாட்டைப் பதிந்தார்கள். பிரிட்டனில் அது பெரிய ஹிட். (இந்திய வம்சாவளிக் கலைஞர்கள் 1990களின் பிற்பகுதியில் பிபிசி தொலைக்காட்சியில் நடத்திய நகைச்சுவைத் தொடர் இந்தப் பெயரைத்தான் எடுத்துக்கொண்டது.) அந்த ஜோடியை வைத்து ஒரு முழு ஆல்பமே வந்தது. தயாரித்தவர் ஜார்ஜ் மார்ட்டின். பீட்டில்ஸ் அவர் வாசலுக்கு வர இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அப்போது அவர் பெயர் எடுத்திருந்ததே இது மாதிரி நகைச்சுவைத் தட்டுகளில்தான். அந்த ஆல்பத்தில் லோரன் பாடிய ஒரு பாட்டு ‘ஸூ பீ ஸூ பீ ஸூ’. ஆங்கில வரிகள். எழுதியவர்கள் பில் ஷெப்பர்ட், ஆலன் ட்யூ என்ற இருவர். ஷெப்பர்ட் பிற்பாடு பீ ஜீஸ் குழுவின் அறுபதுகளின் தட்டுகளுக்கு வாத்திய அமைப்பு செய்தவர். ட்யூவின் மெட்டு ஒன்று ‘தி பீப்பிள்ஸ் கோர்ட்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் முகப்பு இசையாக வருடக்கணக்கில் ஒலித்தது. இரண்டு பேருமே திரைக்குப் பின்னால் இருந்த கெட்டிக்காரர்கள்.

சரி, லண்டனில் எழுதிய பாட்டு பாரிஸுக்கு எப்படிப் போனது? அந்தக் காலத்துப் பிரெஞ்சு இசைத் தொழிலே அப்படித்தான் நடந்தது. ஆங்கிலத்தில் ஒரு பாட்டு கொஞ்சம் ஓடினால் போதும், சில வாரங்களில் அதன் பிரெஞ்சு வடிவம் கடைக்கு வந்துவிடும். ஐம்பதுகளின் தமிழ்ப் படங்களில் இந்தி மெட்டுக்குத் தமிழ் வரி எழுதி உட்கார வைத்தார்களே, அதே வேலைதான். ஒரு வித்தியாசம், பிரான்சில் அது முறைப்படி பதிவான தொழில். பாடலாசிரியர்களின் உரிமைப் பணத்தை வசூலித்துப் பிரித்துக் கொடுக்கும் சாசெம் அமைப்பில், அனுமதி பெற்று பிரெஞ்சு வரி எழுதியவருக்கும் ஒரு பங்கு உண்டு. அதனால் நல்ல கவிஞர்கள்கூட இந்த வேலையை இளக்காரமாக நினைக்கவில்லை.

‘ஸூ பிஸூ பிஸூ’வுக்குப் பிரெஞ்சு வரிகள் எழுதிய மிஷேல் ரிவ்கோஷ் சாதாரண ஆள் இல்லை. பிரெஞ்சுப் பாடகி எடித் பியாஃபின் ‘லா ஃபூல்’ கேட்டிருக்கிறீர்களா? கூட்டத்தில் ஒருவனோடு சேர்த்துத் தள்ளப்பட்டு, அதே கூட்டத்தால் பிரிக்கப்படும் பெண்ணின் பாட்டு. 1957-ல் வந்தது. அதன் வரிகள் இவருடையவை. அந்த மெட்டும் வெளியிலிருந்து வந்ததுதான்: ஏஞ்செல் கப்ரால் என்ற அர்ஜென்டினாக்காரர் 1930களில் போட்டது, பியாஃப் தென் அமெரிக்கப் பயணத்தின்போது கேட்டுப் பிடித்துக்கொண்டு வந்தது. அந்நிய மெட்டைப் பிரெஞ்சு வாய்க்குப் பழக்குவதில் ரிவ்கோஷுக்கு அப்படியொரு கை. லோரன் பாட்டில் பொருளில்லாத ஓசையாக இருந்த வரியை அவர் ‘பிஸூ’, அதாவது முத்தம், என்று மாற்றினார். ஓசை கெடவில்லை, பாட்டுக்கு ஒரு விஷயமும் கிடைத்துவிட்டது. இவ்வளவு லேசான பாட்டுக்கு இவ்வளவு தேர்ந்த கை வேலை செய்திருக்கிறது என்பது எனக்கு இன்றும் சந்தோஷம் தருகிற விஷயம்.

இனி ஜில்லியன் ஹில்ஸ். இவரைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டும்.

1944 ஜூனில் கெய்ரோவில் பிறந்தார். அப்பா டெனிஸ் ஹில்ஸ் ஆங்கிலேயர், ஆசிரியர், ஊர் சுற்றி எழுதுகிறவர். 1975-ல் உகாண்டாவில் இடி அமீன் ஒரு பிரிட்டிஷ் ஆசிரியருக்கு மரண தண்டனை கொடுத்து, பிரிட்டனின் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் கலகன் நேரில் கம்பாலாவுக்குப் பறந்துபோய் மீட்டு வந்தாரே, அந்த ஆசிரியர் இவர்தான். தான் எழுதிக்கொண்டிருந்த புத்தகத்தின் கையெழுத்துப் படியில் அமீனை ‘கிராமத்துக் கொடுங்கோலன்’ என்று எழுதியதுதான் குற்றம். அம்மா வழியில் தாத்தா, போலந்து மொழியின் மாபெரும் கவிகளில் ஒருவரான பொலெஸ்வாவ் லெஷ்மியான். போலந்துக் கவிஞரின் பேத்தி, எகிப்தில் பிறந்த ஆங்கிலேயப் பெண், பிரான்சின் தென்கரையில் வளர்ந்து பிரெஞ்சில் பாப் பாடினார். இந்தக் குடும்பக் கதையை மட்டும் தனியாக எழுதினாலே பல பக்கம் போகும்.

பதினான்கு வயதில் இயக்குநர் ரோஜே வதீம் கண்ணில் பட்டார். பிரிஜித் பார்தோவை நட்சத்திரமாக்கிய அதே வதீம். பத்திரிகைகள் உடனே ‘அடுத்த பார்தோ’ என்று எழுதத் தொடங்கிவிட்டன. வதீமின் படத்தில் சின்ன வேடம்தான் கிடைத்தது. வயது அவ்வளவுதான் இடம் கொடுத்தது. அடுத்து 1960-ல் வந்த ‘பீட் கேர்ள்’ என்ற பிரிட்டிஷ் படத்தில் அவர்தான் தலைப்புப் பாத்திரம். ஜான் பேரி என்ற இளைஞர் இசையமைத்த முதல் படம் அது. ஜேம்ஸ் பாண்ட் இசையின் மிரட்டும் கிட்டார் ஒலிக்கு அந்தப் படத்திலேயே விதை இருக்கிறது. கிறிஸ்டோபர் லீ, இன்னும் பிரபலமாகாத ஆலிவர் ரீட் எல்லாம் அதில் உண்டு.

அதே சமயத்தில்தான் பார்க்லேவுக்குப் பாடவும் ஆரம்பித்தார். ‘ஸூ பிஸூ பிஸூ’வில் அவர் குரலைக் கவனியுங்கள். மூச்சு நிறைய, சத்தம் குறைவு, வரியின் முனையில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். லோரன் பாடும்போது அவர் ஒரு பெரிய நடிகை விளையாட்டுக்குப் பாடுகிறார் என்று தெரியும். ஹில்ஸ் பாடும்போது தன் வயதுக்கே உரிய ஒரு குறும்பைப் பாடுகிறார். பக்கத்தில் வைத்துக் கேட்டால் ஹில்ஸின் பதிவுதான் எனக்கு உயர்வாகப் படுகிறது. ஜார்ஜ் மார்ட்டின் தயாரித்ததை விடவா என்று கேட்டால், ஆமாம், இந்த ஒரு பாட்டில்.

அப்படியானால் ஏன் மறந்து போனார்கள்?

முதல் காரணம் தட்டின் வடிவம். அறுபதுகளின் பிரான்சில் பாப் பாட்டு வாழ்ந்த இடம் இ.பி. என்ற ஏழங்குலத் தட்டு: 45 சுற்று, பக்கத்துக்கு இரண்டாக நான்கு பாட்டு, பளபளப்பான வண்ண அட்டை. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இரண்டு பாட்டுள்ள சிங்கிள் ஓடியபோது, பிரான்சில் அது பெரும்பாலும் ஜூக்பாக்ஸுக்குப் போனது. கடையில் இளைஞர்கள் வாங்கியது இ.பி.தான். பத்தாண்டின் பின்பகுதியில் இந்த வடிவமே வழக்கொழிந்தது. பெரிய நட்சத்திரங்களின் இ.பி. பாட்டுகளை ஆல்பங்களில் சேர்த்துத் திரும்பத் திரும்ப அச்சடித்தார்கள். ஹில்ஸ் மாதிரியானவர்களின் பாட்டுகள் இ.பி.யோடு நின்றுவிட்டன. கடையில் தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

இரண்டாவது, நேரம். பிரெஞ்சு இளைஞர் இசையின் அலை எழும்புவதற்குச் சற்று முன்னாலேயே அவர் வந்துவிட்டார். ‘யூரோப் 1’ வானொலியில் டேனியல் ஃபிலிபாக்கி நடத்திய ‘சாலூ லே கொப்பேன்’ நிகழ்ச்சி 1959 அக்டோபரில் தொடங்கியது. பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் தினமும் அதைக் கேட்டார்கள். அதே பெயரில் பத்திரிகை வந்தது 1962 கோடையில். அந்த அக்டோபரில், பொது வாக்கெடுப்பு முடிவுக்காக நாடே டிவி முன்னால் உட்கார்ந்திருந்த இரவில், ஃப்ரான்சுவாஸ் ஆர்தி என்ற பதினெட்டு வயதுப் பெண் தானே எழுதிய பாட்டைப் பாடினார். ஒரே இரவில் நாடு முழுக்கத் தெரிந்த முகமானார். சில்வி வார்தான், ஷீலா எல்லோரும் மளமளவென்று வந்தார்கள். 1963 ஜூன் 22 அன்று பாரிஸின் நாசியோன் சதுக்கத்தில் பத்திரிகையின் முதலாண்டு விழாக் கச்சேரிக்கு ஒன்றரை லட்சம் பேர் போல வந்து குவிந்தார்கள். அதைப் பார்த்துத்தான் சமூகவியலாளர் எட்கார் மோரேன் ‘லெ மோந்த்’ நாளிதழில் ‘யே-யே’ என்று இந்தத் தலைமுறைக்குப் பெயர் வைத்தார். யே-யே பாடகர்களின் பட்டியல் அந்த நாளிலிருந்து எழுதப்பட்டது. அதற்கு முன்னால் பாடிய ஹில்ஸ் ஓரத்தில் விடப்பட்டார்.

மூன்றாவது காரணம் அவருடைய தேர்வு. நடிப்புக்குத் திரும்பினார். அந்தோனியோனியின் ‘ப்ளோ-அப்’ (1966) படத்தில் புகைப்படக்காரரின் ஸ்டுடியோவுக்கு இரண்டு இளம்பெண்கள் வந்து ரகளை செய்வார்கள். ஒருவர் ஜேன் பர்கின், இன்னொருவர் ஜில்லியன் ஹில்ஸ். குப்ரிக்கின் ‘எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்’ (1971) படத்தில், கதாநாயகன் தட்டுக் கடையில் சந்திக்கும் இரண்டு பெண்களில் ஒருவரும் அவரே. உலக சினிமாவின் இரண்டு பெரிய படங்களில் அவர் முகம் இருக்கிறது, பெயரைக் கேட்டால் சொல்பவர் இல்லை. எழுபதுகளில் நடிப்பையும் விட்டுவிட்டு நியூயார்க் போய் ஓவியராக வேலை பார்த்தார். பாடகி, நடிகை, ஓவியர் என்று ஒவ்வொன்றையும் வேறு வேறு நாட்டில் செய்த ஒருவரை எந்த நாடும் தன்னவர் என்று எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.

திரும்பக் கிடைத்தது இப்படித்தான். தொண்ணூறுகளில் பழைய பிரெஞ்சு இ.பி.களைத் தேடித் தேடிச் சேர்த்தவர்கள், பெரும்பாலும் பிரான்சுக்கு வெளியே இருந்தவர்கள், அவற்றைத் தொகுத்து சிடியாக வெளியிடத் தொடங்கினார்கள். ‘அல்ட்ரா சிக்ஸ்’ என்ற தொகுப்பு வரிசை அதில் பேர் பெற்றது. பிரான்சின் இசை விமர்சகர்கள் யே-யேவைக் குழந்தைத்தனம் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். பிரஸ்ஸான்ஸ், ப்ரெல், ஃபெர்ரே என்ற மூவரின் கவிதைப் பாடல்களே அவர்களுக்கு அளவுகோல். அந்த அளவுகோல் தெரியாத வெளியூர்க்காரர்கள் காதை மட்டும் நம்பினார்கள். அதனால் டிரம்ஸின் அடி, கிட்டார், ஸ்டுடியோவில் கிடைத்த அந்தத் துல்லியமான ஒலி எல்லாம் அவர்களுக்குக் கேட்டன. கலிபோர்னியாவைச் சேர்ந்த ஏப்ரல் மார்ச், ஃப்ரான்ஸ் கால் 1964-ல் பாடிய, செர்ஜ் கேன்ஸ்பூர் எழுதிய ‘லெஸ் தோம்பே லே ஃபீய்’ பாட்டை 1995-ல் ஆங்கிலத்தில் ‘சிக் ஹாபிட்’ என்று பாடினார். 2007-ல் டாரன்டினோ அதை ‘டெத் ப்ரூஃப்’ படத்தின் முடிவில் போட்டார்.

‘ஸூ பிஸூ பிஸூ’வுக்கு அந்த நாள் 2012 மார்ச் 25, ‘மேட் மென்’ தொடரின் அந்த விருந்துக் காட்சி ஒளிபரப்பான நாள். கதையில் அது 1966-ஆம் ஆண்டு. மேகனாக நடித்த ஜெசிகா பாரே மான்ட்ரியலில் பிறந்தவர், பாத்திரமும் மான்ட்ரியல் பெண். பிரெஞ்சு அவர் வாயில் இயல்பாக வருகிறது. 1966-ல் இந்தப் பாட்டு ஐந்தாறு வருடப் பழசு. சில வருடம் முன்னால் கேட்டதை விருந்தில் பாடுகிறாள் என்று எடுத்துக்கொண்டால் காலமும் சரியாகப் பொருந்துகிறது. அந்தக் காட்சிக்குப் பிறகு பாரேயின் பதிவை இணையத்தில் விற்றார்கள், ஏழங்குல வினைலாகவும் கொண்டுவந்தார்கள். பாட்டு உலகம் சுற்றியது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஏப்ரல் மார்ச் விஷயத்திலும் சரி, இங்கேயும் சரி, திரும்பி வந்தது பாட்டு. தட்டு வரவில்லை. பாரேயின் பதிவு வேகம் குறைந்தது, மயக்கும் தொனி கூடியது. கணவனை அசத்த நினைக்கும் ஒரு மனைவியின் பாட்டு அது, கதைக்கு அதுதான் தேவை. ஹில்ஸிடம் இருந்த பள்ளிப்பெண் குறும்பு அதில் இல்லை. இன்று பெரும்பாலோர் இந்தப் பாட்டை நினைக்கும்போது கேட்பது பாரேயின் குரலை. எழுதிய இருவர், மொழிபெயர்த்த ஒருவர், முதலில் பாடிய லோரன், பிரெஞ்சில் பாடிய ஹில்ஸ் என்று வரிசையாக நிற்கிறவர்களில் ஹில்ஸுக்குத்தான் அநியாயம் அதிகம் நடந்திருக்கிறது. ஏனென்றால் அவரைத் தேடி வருகிறவர்களும் இந்த ஒரு பாட்டோடு திரும்பிவிடுகிறார்கள். அவருடைய நல்ல தட்டுகள் இதற்குப் பிந்தியவை.

அவர் சில பாட்டுகளைத் தானே எழுதவும் செய்தார். அந்தக் காலத்து இளம்பெண் பாடகிகளில் அது அபூர்வம். ஆர்தி போன்ற ஓரிருவரைத் தவிர மற்றவர்களுக்குப் பெரும்பாலும் வயதான ஆண்கள்தான் பதினாறு வயதுப் பெண்ணின் மனதை எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ‘ட்யூட் ட்யூட் ட்யூட் ட்யூட்’ என்று டெலிபோன் சத்தத்தையே பல்லவியாக்கிய பாட்டைக் கேட்டுப் பாருங்கள். அப்புறம் 1965-ல் வந்த ‘ரான்த்ர் சான் முவா’. இதுவும் தழுவல்தான்: லண்டனின் ஸோம்பீஸ் குழு முந்தைய ஆண்டு வெளியிட்ட ‘லீவ் மீ பீ’. மூலத்தில் ஒரு பையன் சோர்ந்துபோய் என்னை விட்டுவிடு என்று பாடுகிறான். ஹில்ஸின் வடிவத்தில் அந்தச் சோர்வு ஒரு முடிவாக மாறுகிறது: நான் வரவில்லை, நீ வீட்டுக்குப் போ. குரலில் பழைய சிரிப்பு இல்லை. ‘ஸூ பிஸூ பிஸூ’வைப் பாடிய அதே ஆள்தான் இது என்று நம்பச் சற்று நேரம் பிடிக்கும். யாராவது அவருடைய ஒரே ஒரு பாட்டைத்தான் கேட்பேன் என்றால், நான் கொடுப்பது இதை.

கேட்பது எளிது. ஸ்ட்ரீமிங் தளங்களில் எல்லாம் இருக்கிறது. அது எப்படி இவ்வளவு எளிதாகக் கிடைக்கிறது என்பதற்குச் சட்டத்தில் ஒரு காரணம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒலிப்பதிவு உரிமை முன்பு 50 ஆண்டு. 2011-ல் அதை 70 ஆக்கச் சட்டம் செய்தார்கள், 2013 நவம்பருக்குள் நாடுகள் அதை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்றார்கள். ஆனால் அதற்குள் காலாவதியானவை திரும்ப உயிர்பெறாது. ஆகவே 1962 முடிய வெளியான ஒலிப்பதிவுகள் அங்கே விடுதலையாகிவிட்டன. பார்க்லேயின் ஆரம்ப காலத் தட்டுகளை யார் வேண்டுமானாலும் தொகுத்து விற்கலாம். விற்கிறார்கள். அதனால் விலை மலிவு, ஆனால் தரம் கலவை: சிலது நல்ல மூலத்திலிருந்து, சிலது தேய்ந்த தட்டிலிருந்து நேரே எடுத்தது. ஆண்டும் கண்டபடி போட்டிருப்பார்கள். ஒரே பாட்டின் இரண்டு மூன்று தொகுப்புப் பதிவுகளைப் போட்டுப் பார்த்து, கரகரப்பு இல்லாததைத் தேர்ந்தெடுங்கள். அசல் தட்டு வேண்டுமென்றால் பிரெஞ்சு பழைய தட்டு விற்பனையாளர்களிடம் கிடைக்கும். தொடர் வந்தபிறகு விலை ஏறியிருக்கிறது. அட்டை எப்படி இருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள், விலையில் பாதி அட்டைக்குத்தான்.

குறும்பட விஷயம். ஒலிப்பதிவு வேறு, பாட்டு வேறு. இந்தியாவில் ஒலிப்பதிவு உரிமை வெளியான ஆண்டு முடிந்து 60 வருடம். எனவே ஹில்ஸின் ‘ஸூ பிஸூ பிஸூ’ பதிவு இங்கே காலம் கடந்துவிட்டது. ஆனால் மெட்டும் வரிகளும் எழுதியவர்களின் ஆயுளுக்குப் பிறகும் தொடர்கின்றன. ரிவ்கோஷ் 2005-ல் இறந்தார். அவர் வரிகளுக்கு இந்தியாவில் குறைந்தது 2065 வரையிலும், ஐரோப்பாவில் 2075 வரையிலும் உரிமை உண்டு. அமெரிக்காவில் நிலைமை இன்னும் கடுமை: 2018-ல் வந்த சட்டப்படி 1957 முதல் 1972 பிப்ரவரி வரை வெளியான ஒலிப்பதிவுகளே 2067 பிப்ரவரி வரை பூட்டப்பட்டிருக்கின்றன. நீங்கள் யூடியூபில் ஏற்றினால் படம் எல்லா நாட்டுக்கும் போகும், எனவே பழைய பாட்டுதானே என்று போட்டுவிடாதீர்கள். பாடலின் பதிப்பாளரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். சாசெம் அமைப்பின் இணையப் பட்டியலில் பாட்டின் பெயரைத் தேடினால் யாரைக் கேட்க வேண்டும் என்று தெரியும். பாரேயின் பதிவை மட்டும் தொடவே வேண்டாம், அதற்கு 2012-லிருந்துதான் கணக்கு.